பொதுகேவுக்கும் சோபட்மாவுக்கும் நடுவுல எங்க ஊரு

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியா சென்னை போறவங்க எங்க கோட்டக்குப்பத்தைத் தாண்டித்தான் போகணும். ஆனா யாரும் நிக்கிறதில்லை. நானும் ரொம்ப நாளா 'இங்க என்னங்க இருக்கு' கட்சிதான். கட்சி மாற வெச்சது ஒரு பாசிமணி.

கூட வேலை பார்க்கிற கொரியாக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். பைக்ல அரிக்கமேடு கூட்டிட்டுப் போனேன். ஆறு, மாந்தோப்பு, பழைய பாதிரிமார் கட்டடத்தோட இடிஞ்ச செங்கல் சுவர். அவ்வளவுதான். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானியப் பானை ஓடுகளைக் கண்டெடுத்த இடம் இதுதான்னு சொன்னா, மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார் :-)

அப்புறம் புதுச்சேரி மியூசியம். அங்க சின்னச் சின்ன கண்ணாடி மணிகளைப் பார்த்ததும் நின்னுட்டார். "இதே மாதிரி எங்க ராஜா கல்லறையில இருக்கு" என்றார். 523-ல் இறந்த பெக்ஜே நாட்டு மன்னர் முரியோங். கல்லறை 1971-ல் கிடைத்தது. அந்தக் கல்லறை இருக்கும் வட்டாரம் 2015-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு போட்டு, மறுபடி சூடாக்கி முனை மழுக்கும் இந்த ரகத்துக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைக்கிறது. அதுக்காக ராஜா கழுத்து மணி நம்மூர்ச் சரக்குதான்னு மார்தட்ட மாட்டேன். இலங்கை, தாய்லாந்திலும் பட்டறைகள் இருந்தன. ஆனா ஆரம்பகாலப் பட்டறைகளில் அரிக்கமேடு முக்கியமானது.

முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல், கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது. பொதுகே அரிக்கமேடு, சோபட்மா மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மேப்பை எடுத்துப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல நாங்க!

மரக்காணம்தான் சங்க இலக்கியத்தின் எயிற்பட்டினம் என்றும் சொல்கிறார்கள். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வடக்கிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. பக்கத்திலேயே கழுவெளி ஏரி. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் இடம், 2021-ல் பறவைகள் சரணாலயமானது.

சிக்கல் என்னன்னா, அரிக்கமேடு புதுச்சேரியில், மரக்காணமும் கழுவெளியும் தமிழ்நாட்டில். வணிகனுக்கு அது ஒரே கரை. நமக்கு ரெண்டு அரசு, ரெண்டு சுற்றுலாத் துறை. ரெண்டு முனையும் இருக்கு, நடுவுல கனெக்‌ஷன் இல்லை.

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணுமில்லை. ரெண்டு அரசும் சேர்ந்து ஒரே வரைபடம், தமிழில் அறிவிப்புப் பலகை, வழிகாட்ட உள்ளூர்ப் பசங்களுக்குப் பயிற்சி, அவங்களுக்கு ஒரு வருமானம். ஏரிக்கரையில ரிசார்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். சத்தமும் விளக்கும் வந்தா பறவை போயிடும். அப்புறம் எதைக் காட்டுறது?

போகும்போது நண்பர் கேட்டார், "இவ்வளவு பக்கத்துல இருந்துகிட்டு நீ எத்தனை தடவை வந்திருக்கே?"

ரெண்டாவது தடவைன்னேன். முதல் தடவை ஸ்கூல் டூர்.