மாதிரியும் சரக்கும்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு வாணிகரிடையே வாழும் தமிழ் நேயர்கள் ஒன்றை நன்கறிவர்: மாதிரி ஒன்று, சரக்கு ஒன்று என்றால் நாணயம் நில்லாது. மோட்டார்த் தொழிலிலும் அவ்வாறு நிகழ்ந்ததுண்டு.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், சோதனைச்சாலையில் மட்டும் நச்சுப்புகையை அடக்கி, தெருவில் அவ்வடக்கத்தைத் தளர்த்தும் மென்பொருளை டீசல் வண்டிகளில் பொருத்தியிருந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு அச்சூதை வெளிப்படுத்தியது. உலகெங்கும் அத்தகைய வண்டிகள் சுமார் 1 கோடியே 10 லட்சம்.

இந்தியாவில் 3,23,700 வண்டிகளைத் திருத்தித்தர நிறுவனம் அவ்வாண்டே முன்வந்தது. ஆயினும் இந்திய விதியை மீறவில்லை என வாதித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் செலுத்தப் பணித்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கையை நிறுத்திவைத்தது.

அபராதத்தினும் நமக்கு வேண்டுவது நேரிய அளவையே. 2023 ஏப்ரலில், புது வண்டிகளைத் தெருவில் ஓட்டியும் புகையை அளக்கும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தெருவில் மூச்சுவிடுவோர் நாம்; மாதிரியோடு நில்லாது சரக்கையும் சோதிப்பதே நமக்குக் காவல்.