வெண்டிலேட்டர்: விசிறியா, ஓட்டையா?

ஓசூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார்: "எல்லா ரூமுக்கும் வெண்டிலேட்டர் இருக்கு சார்." அண்ணாந்து பார்த்தால், கூரைக்குச் சற்றுக் கீழே கண்ணாடிப் பட்டைகள் செருகிய சிறு ஓட்டை. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே 'வாந்திலாத்தர்' என்றால் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி. வகுப்பில் அந்தச் சொல் வந்தாலே, முதல் பாதியைக் கேட்டுப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். லத்தீனில் வென்டுஸ் என்றால் காற்று. அதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்கு விசிறுதல் என்று ஒரு பொருள், தானியத்தைத் தூற்றுதல் என்று இன்னொரு பொருள். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ராகி அடித்த களத்தில் முறத்தை உயர்த்திப் பிடித்து, காற்று பார்த்துத் தூற்றுவார்களே, அதேதான். ஐரோப்பாவில் இந்தச் சொல் களத்தை விட்டு ஊருக்குள் வந்தபோது, ஒரு விஷயத்தை நாலு பேர் முன் எடுத்துப்போட்டு அலசுவதையும் குறித்தது. ஆங்கிலத்தில் குறையை 'வெண்டிலேட்' செய்வது என்பது அப்படி வந்ததுதான். தமிழிலும் தூற்றுதல் களத்தோடு நிற்கவில்லை. ஆனால் நாம் ஆளைத் தூற்றக் கற்றுக்கொண்டோம்!

ஓட்டைக்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்பது ஜன்னல்தான். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்தில் ஜன்னலைக் குறிக்கும் 'விண்டோ'வும் வட ஐரோப்பாவின் பழைய மொழியில் 'காற்றின் கண்' என்றே பொருள்படும். இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு நாம் போர்த்துகீசியரிடம் ஜன்னலை வாங்கினோம். எங்கள் தெருவில் கன்னடக்கார அம்மா ஒருவர் மாலையில் கதவைத் திறந்து "காளி பரலி" என்பார். காற்று வரட்டும் என்று அர்த்தம். மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த விருந்தாளி காளியாத்தாளைக் கூப்பிடுகிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெண்டிலேட்டர் என்ற பெயரில் ஒரு கருவியை 1741-இல் செய்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். பெரிய துருத்தி போன்றது. கப்பலின் அடித்தளத்திலும் சிறைக்கூடங்களிலும் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அதனால் காற்று போனது. ஆஸ்பத்திரி வெண்டிலேட்டரைப் பற்றி 2020-க்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் 30,000 வெண்டிலேட்டர்கள் செய்யும் வேலை பக்கத்துப் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டை எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ரோஜாக்காரர்களிடம் பார்க்கலாம். ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் விசிறி இல்லாமலே காற்று ஓடும். சூடான காற்று மேலே எழுந்து கூரைத் திறப்பு வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, பக்கவாட்டு வலை வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். பக்கத்துத் திரையை இறக்கி மூடிவிட்டால் மேலே எவ்வளவு திறந்திருந்தாலும் பிரயோஜனம் குறைவுதான். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, இரண்டும் வேண்டும்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. புதுக்காற்று ஓட வேண்டும் என்றது 13-வது பிரிவு. நெரிசல் பற்றியது 16-வது பிரிவு. சட்டத்துக்குப் பின் கட்டிய ஆலையில் ஆளுக்கு 500 கன அடி இடம், அதாவது 14.2 கன மீட்டர், வேண்டும் என்றது. தரையிலிருந்து 14 அடிக்கு மேல் உள்ள இடம் கணக்கில் சேராது என்றும் சொன்னது. கூரையை உயர்த்திவிட்டு, ஆட்களை நெருக்கி நிறுத்தி, காற்று தந்துவிட்டேன் என்று முதலாளி சொல்ல முடியாமல் இருந்தது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த வரி இதுதான்.

சிப்காட் வந்து ஓசூரில் ஆலைகள் பெருகிய எண்பதுகளில், நாங்கள் இன்னும் தருமபுரி மாவட்டமாக இருந்தபோது, நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. ஊரைச் சேர்ந்த ஒரு சிறு பட்டறை. மழைச்சாரல் அடிக்கிறது என்று வெண்டிலேட்டர்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். இரும்புத்துண்டு திருட்டுப் போகிறது என்று கீழ் ஜன்னல்களுக்குப் பூட்டாம். பதினேழு கையெழுத்து, ஆறு கைநாட்டு. கேட்டது ஒன்றே ஒன்று: "மூச்சு விட வழி செய்து தரவும்."

பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்குக் கணக்குப்பிள்ளைப் பொருள் ஒன்று உண்டு. மொத்தத் தொகையைத் தலைப்பு வாரியாகப் பிரித்துப் போடுவதையும் 'வாந்திலே' என்பார்கள். மனு அந்த விதத்தில் நன்றாகவே வெண்டிலேட் ஆனது. சாரல் பற்றிய பகுதிக்கு ஒரு நகல், திருட்டுக்கு ஒரு நகல், காற்றுக்கு ஒரு நகல். ஒவ்வொன்றும் "தக்க நடவடிக்கைக்காக" ஒவ்வொரு மேஜைக்குப் போயிற்று. மனுதாரர்களுக்கு, உரிய அதிகாரியிடம் முறையிட்டுக்கொள்ளலாம் என்று பதில் போனது. தட்டச்சு செய்தது நான்தான்.

ஆனாலும் தொழிற்சாலை ஆய்வாளர் போய்ப் பார்த்தார். நாலு மாதம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. செங்கற்களை எடுத்துவிட்டார்கள். ஜன்னல் பூட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அது திருட்டு நகலில் இருந்த விஷயம். "காற்றோட்டத் திறப்புகள் சரிசெய்யப்பட்டுவிட்டபடியால் மனு முடிக்கப்படுகிறது" என்று கடைசித் தாளில் எழுதியிருந்தது.