இறந்த பலகை தரும் உயிர்

ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். எழுத்துத் தேய்ந்தால் உருக்கிப் புதிதாக வார்ப்பார்கள். கணினி தேய்ந்தால் என்ன செய்வது?

1989இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்டோஷ் எஸ்இ/30ஐ எடுத்துக்கொள்வோம். 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. 16 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் மோட்டோரோலா 68030 நுண்செயலி. 1991இல் அதன் விற்பனை நின்றது. அதன் எமன் உள்ளேயே இருக்கிறான். தாய்ப்பலகையிலுள்ள சிறிய லித்தியம் மின்கலமும் மின்தேக்கிகளும் முதுமையில் கசிகின்றன. அந்தக் கசிவு செப்புத் தடங்களை அரித்துவிடுகிறது.

ஆர்வலர்கள் சிலர் பழைய பலகையின் தடங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, முழுவதையும் மீள வரைந்தார்கள். அந்த வரைபடத்தைக் கொடுத்தால் தொழிற்சாலை வெறும் பலகையைச் செய்து தந்துவிடும். மின்தடைகளும் மின்தேக்கிகளும் கடைகளில் கிடைக்கும். ஆனால், அப்பிள் தனக்கென வடிவமைத்த சிப்புகளை இப்போது எவரும் தயாரிப்பதில்லை. இறந்த பலகையைச் சூடாக்கி, அவற்றைப் பழுதின்றிப் பெயர்த்தெடுத்துப் புதிய பலகையில் பற்றவைக்க வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு புதிய பலகைக்கும் ஒரு பழைய பலகை தேவை. எழுத்து வார்த்தவரிடம் தாயச்சு இருந்தது; இங்கே அதுவும் இல்லை. அரித்துப்போன பலகையைக் குப்பையில் எறிந்தவர், அறியாமலே ஒரு கணினியின் மறுபிறப்பையும் எறிந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பழைய கணினி உறங்கினால், இன்றே அதன் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். பலகையை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.