கூட்டுறவு ஆட்டக் கோட்பாடு

தம்முள் உடன்படிக்கை செய்துகொள்ளவும் அதற்குக் கட்டுப்படவும் இயன்ற பலர், எவரோடு எவர் சேர்வர், சேர்ந்து ஈட்டிய பயனை எவ்விகிதத்திற் பகிர்வர் என்பதை ஆராயும் கணித சாஸ்திரப் பிரிவு. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்க்கு இதன் மூலப்பிரச்சினை புதிதன்று. வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. ஆள் இல்லையேல் அவை வாடியிற் கிடக்கும். வலை இல்லையேல் ஆளின் தோள்வலிமைக்கு மணலில் வேலையில்லை. இரண்டும் கூடியபின் மடியில் வந்து சேரும் மீனில், செலவு கழித்து, சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்தவருக்கு எவ்வளவு என்ற வழக்கம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

சாஸ்திர வடிவில் இதனை முதலில் விரிவாக வகுத்தவர்கள், 1944இல் வெளிவந்த பெருநூலில் ஜோன் வொன் நியூமனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னும் ஆவர். 1953இல் லொயிட் ஷாப்லி, ஒவ்வொருவரும் கூட்டில் வந்து சேரும்போது கூட்டும் பயனைச் சேரும் வரிசைகள் அனைத்துக்கும் சராசரி எடுத்து, அவரவர் மதிப்பை நிர்ணயிக்கும் முறையைத் தந்தார். 1954இல் அவரும் மார்ட்டின் ஷூபிக்கும் அம்முறையை வாக்களிக்கும் சபைகளுக்குப் பிரயோகித்தனர். எந்தச் சிறு கூட்டும் பிரிந்து சென்று தன் உறுப்பினர்க்கு அதிகம் பெற்றுத்தர இயலாத பங்கீடுகளின் தொகுதி ‘உள்ளகம்’ எனப்படும். வெற்றிக்கு வேண்டிய அளவுக்கு மேல் கூட்டணி பெருகாது என்ற கருத்தை 1962இல் வில்லியம் ரைக்கர் முன்வைத்தார்.

திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்ட சபைகளில், 1988இல் தெரிவான வடக்கு கிழக்கு மாகாண சபையில் 71 ஆசனங்களுள் 41 ஒரே கட்சியிடம் இருந்தன. 2008இல் கிழக்கு மாகாண சபையின் 37 ஆசனங்களுள் 20 ஒரே பட்டியலுக்குக் கிடைத்தன. இவ்விரண்டிலும் ஏனையோரின் ஷாப்லி மதிப்பு பூச்சியமே.

2012 செப்டெம்பர் 8ஆந் திகதித் தேர்தலோ எவருக்கும் பெரும்பான்மை தரவில்லை. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, இலங்கைத் தமிழரசுக் கட்சி 11, சிறீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. ஆட்சிக்கு வேண்டியவை 19. ஐந்து கட்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சபா மண்டபத்துள் நுழைவதாகக் கொண்டால் 120 வரிசைகள் உண்டு. எக்கட்சி நுழைகையில் எண்ணிக்கை 19ஐ எட்டுகிறதோ அதுவே அவ்வரிசையின் திறவுகோல். தமிழரசுக் கட்சி முதலில் வந்தால் 11. காங்கிரஸ் சேர 18. மூன்றாவதாக அந்த ஒற்றை உறுப்பினர் வாசலில் கால் வைத்ததும் 19. இவ்வாறு எண்ணினால் பதினான்குக்கு 48 வரிசைகள், பதினொன்றுக்கு 28, ஏழுக்கும் அதே 28, நான்குக்கு 8, ஒன்றுக்கும் 8! பதினொரு பேருக்கும் எழுவருக்கும் ஒரே கனம். நால்வருக்கும் தனியொருவருக்கும் ஒரே கனம். எல்லாச் சேர்க்கைகளையும் சமமாகப் பாவிக்கும் இக்கணக்கு, பதினான்கும் பதினொன்றும் ஒரே வரிசையில் அமரும் என்று அக்காலத்தில் எவரும் நம்பாமையைக் கருதவில்லையாதலால், காங்கிரஸின் மெய்யான கனத்தைக் குறைத்தே காட்டுகிறது எனல் பொருந்தும்.

தமிழரசுக் கட்சியை உள்ளடக்கிய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைமை, தன்னிலும் சிறிய காங்கிரஸுக்கு முதலமைச்சர் ஸ்தானத்தையே அளிக்க முன்வந்ததாகச் செய்திகள் கூறின. மேற்கண்ட 28 என்ற எண்ணை நோக்க அதில் வியப்பில்லை. எனினும் காங்கிரஸ் மறுபுறம் சாய, சுதந்திரக் கூட்டமைப்பின் நஜீப் அப்துல் மஜீத் செப்டெம்பர் 18இல் முதலமைச்சரானார். பதவிக்காலத்தின் பிற்பாதி காங்கிரஸுக்கு என்ற உடன்பாடு அப்போதே இருந்ததா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அடுத்த மாதமே ஷாப்லி, அல்வின் ரோத்துடன் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு பெற்றார்; அது இம்மதிப்பிற்காக அன்றி, நிலையான பங்கீடுகள் பற்றிய ஆய்விற்காக.

வெற்றிபெறும் கூட்டுகள் அனைத்துக்கும் பொதுவான கட்சி எதுவும் இச்சபையில் இல்லை. ஆதலின் உள்ளகம் வெறுமை. எப்பங்கீட்டையும் கலைக்கவல்ல வேறொரு கூட்டு எப்போதும் உண்டு. 2015 ஜனவரியில் கொழும்பில் ஜனாதிபதி மாற, பெப்ரவரி 6இல் காங்கிரஸின் ஹாபிஸ் நசீர் அகமட் முதலமைச்சரானார். முதலமைச்சு தமக்கே உரியதென வாதாடிய தமிழரசுக் கட்சியினர் பின்னர் அமைச்சுப் பொறுப்புகளை ஏற்றனர். கல்வி திருகோணமலையின் சி. தண்டாயுதபாணிக்கும் விவசாயம் கி. துரைராஜசிங்கத்துக்கும் சென்றன. மஜீதின் தரப்பில் முன்னணியின் ஒருவரையும் சேர்த்து 22 ஆசனங்கள். தமிழரசு, காங்கிரஸ், ஐக்கிய தேசியக் கட்சி மூன்றையும் கூட்டினாலும் 22. முன்னதில் ஒருவர் மிகை. பின்னதில் எக்கட்சி விலகினும் ஆட்சி இல்லை. எனவே ரைக்கரின் கருத்து ஏட்டளவில் பின்னதற்கே பொருந்துகிறது. கட்சி மாறியோரைக் கணக்கிற் கொண்டால் அதுவும் ஐயத்துக்குரியதாகலாம்.

சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிவுற்றது. அதன்பின் நிருவாகம் உவர்மலையிலுள்ள ஆளுநர் செயலகத்தின் கீழ் நடைபெறுகிறது.