500ஐக் கூட்டினால் பெண்

மன்னார்ப் பக்கக் கூத்துகளில் பெண் வேசம் கட்டி ஆடியது ஆம்பிளையள்தான். ஞானசவுந்தரி போன்ற கத்தோலிக்கக் கூத்துகளில் அரசியும் தோழியும் ஆண்களே. விடிய விடிய ஊர் இருந்து பார்க்கும். நல்லாய் ஆடினால் கொண்டாடும். விடிஞ்சதும் சேலையைக் களைஞ்சு போடவேணும், அவ்வளவுதான் நிபந்தனை.

களையாமல் அதே சேலையோடு தெருவில் நடந்தால்? அங்கேதான் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வருகிறது. அதன் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியது. இன்னொருவராக நடித்து மோசடி செய்கிறவரைப் பிடிக்க எழுதிய பிரிவு. உடுப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனாலும் பெண் உடுப்பில் நிற்கிறவர்களைப் பொலிஸ் மிரட்டியதும் பிடித்ததும் இதைக் காட்டித்தான். இது போதாவிட்டால் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் கைவசம் இருந்தது. இரண்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போனவை. நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

'ஏமாற்று' என்ற இந்தக் குற்றச்சாட்டு எங்கட ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், மற்றப் பாலினத்தின் உடையோடு வெளியே வரக்கூடாது என்று 1863இல் போட்ட நகரச் சட்டம் 1974 வரை இருந்தது. அங்கே பிளாக் கேட் என்ற மதுச்சாலையில் பெண் வேடத்தில் பாடிய ஹோசே சாரியா ஒரு வேலை பார்த்தார். கறுப்புப் பூனைத் தலை வடிவில் அட்டை வெட்டி, 'நான் ஆண்' என்று எழுதித் தோழர்களுக்குக் கொடுத்தார். அட்டை குத்தியிருக்கிறது, பிறகு எங்கே ஏமாற்று? 1961இல் நகரசபைத் தேர்தலிலும் நின்று ஆறாயிரம் வாக்களவில் எடுத்தார். வெல்லவில்லை. ஆனால் நியூயோர்க்கின் ஸ்டோன்வோல் எழுச்சிக்கு எட்டு வருசம் முந்தின கதை இது.

எங்கட அட்டை வேறு மாதிரி. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். ஜனவரி 10இல் பிறந்த ஆணுக்கு 010, பெண்ணுக்கு 510. போர்க்காலத்தில் மதவாச்சிச் சோதனைச்சாவடியில் இந்த இலக்கத்தை நீட்டாமல் மன்னாருக்குப் போய்வர முடியாது. சேலையோடு நிற்கிறவரின் அட்டையில் 010 இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கோ. அந்த நாளையில் வேசம் என்றால் ஒளிஞ்சு வந்த ஆள் என்றுதான் அர்த்தம்.

கொழும்பில் முதல் அமைப்பு 'கொம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி', 1995இல் ஷெர்மன் டி ரோஸ் தொடங்கியது. அதே ஆண்டு அரசு 365அ பிரிவில் 'ஆண்' என்றிருந்ததை 'ஆள்' என்று மாற்றி, பெண்களையும் குற்றத்துக்குள் இழுத்துவிட்டது. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த ஆண்டும் அதுதான். வடக்கில் அப்போது ஆர் இதைக் கதைக்கிறது? 2004இல் ஈக்குவல் கிரவுண்ட் வந்தது. யாழ்ப்பாணத் தெருவில் வானவில் கொடி நடந்தது 2022 ஜூனில்.

இடையில் ஒரு பெரிய வெற்றி உண்டு. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டுவந்தது. உளநல மருத்துவர் சான்று தந்தால் பிறப்புப் பதிவைத் திருத்தலாம், அடையாள அட்டையையும் மாற்றலாம். 010 ஆக இருந்தவர் 510 ஆகலாம். திருநங்கையர் போராடிப் பெற்ற இதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இலக்கத்தை மாற்ற விரும்பாமல், சேலையை மட்டும் விரும்புகிறவர்? கூத்து முடிந்தும் வேசம் களையாதவர்? சிங்களத்தில் நாச்சி என்று தங்களை அழைப்பவர்களில் பலரும் இப்படி நடுவில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. 2023இல் உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று சொன்ன திருத்தச் சட்டமூலமும் 365ஐயும் 365அவையும் பற்றியது. 399 அதில் இல்லை.