இல்லாத நாட்களின் கணக்கு: கண்டிச்சீமை முதல் கிருஷ்ணகிரி முகாம் வரை

ஓசூரிலிருந்து போய்க் கனடாவில் பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமை வாங்கிய பொறியாளருக்கு இரண்டு எண்கள் மனப்பாடம். ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் அங்கே இருந்தால்தான் பி.ஆர். நிலைக்கும், 1,095 நாட்கள் இருந்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பி, சிப்காட்டில் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டால் அந்த நாட்கள் கணக்கில் சேராது.

இந்தக் கணக்கு இம்மண்ணுக்குப் புதிதல்ல. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டம், திருச்சியையும் மதுரையையும் போல, கண்டிச்சீமை என்று சொல்லப்பட்ட இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டம். ஆள்சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன அந்தத் தொழிலாளர்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட எண் பொறித்த தகர வில்லையோடு கடல் கடந்தார்கள். 'டின் டிக்கெட்' என்று அதற்குப் பெயர். போனவர்கள் ஊரை அறுத்துக்கொண்டு போகவில்லை. கல்யாணம், சாவு, மகளின் பிரசவம் என்று வந்து போனார்கள்.

அந்த வரவும் போக்குமே பின்னாளில் அவர்களுக்கு எதிராக நின்றன. சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. அதில் விடுபட்டவர்களுக்கு 1949இன் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வழி வைத்தது: 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மற்றவர்கள் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது.

இலங்கை மலையகத் தோட்டத்தில் ஒரு நாள் உழைத்தால், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு 'பேர்' விழும். இருபது வருடம் பேர் விழுந்த ஒருவர், கணக்கில் வரும் ஏழாண்டுக்குள் தாயின் நோய்க்காகப் பதின்மூன்று மாதம் ஊரில் தங்கியிருந்தால், அந்த இருபது வருடமும் குடியுரிமைக்கு உதவாது. உழைப்பை ஒதுக்கிவிட்டு, இல்லாத நாளை மட்டும் எண்ணிய சட்டம் இது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1.34 லட்சம் பேர்தான்.

இந்திய அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை பெற இடம் தந்தது. ஆனால் கேட்காதவர்களையும் இந்தியர்களாக்க முடியாது என்பது நேருவின் நிலை. இரு நாடுகளுக்கும் நடுவே நாடற்றவர்களாக நின்ற 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். எஞ்சிய 1.5 லட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

2003இல் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை வழங்கியது. உள்நாட்டுப் போருக்கு அஞ்சித் தமிழகம் ஓடிவந்தவர்கள் அதில் விடுபட்டுப்போனார்கள். 2009இன் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. வெளியே கழிந்த ஆண்டுகள் குற்றமல்ல என்று அறுபது ஆண்டு கழித்து ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. தாமதம்தான், ஆனாலும் பெரிய திருப்பம்.

இந்தியச் சட்டம் அந்த நேரத்தில் எதிர்த்திசையில் போனது. குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தம், 2004 டிசம்பர் 3 முதல், உரிய ஆவணமின்றி வந்தவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று கொண்டு, பதிவு மூலம் குடியுரிமை பெறும் வழியையும் அடைத்தது. சில அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு விலக்குத் தந்த 2019 திருத்தத்தில் இலங்கை இடம்பெறவில்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழக அகதி முகாமில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் மனுக்களைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. முகாம்களில் 'செக்கிங்' நாள் என்று ஒன்று வரும். வெளியூருக்குப் பெயின்ட் அடிக்கப் போனவரும் அன்று கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். ஆளைக் காணோமென்றால் உதவித்தொகைக்கும் பதிவுக்கும் ஆபத்து. அப்படி வருடக்கணக்காகப் பதிவான நாட்களில் ஒன்றுகூட இந்தியக் குடியுரிமைக்கான வசிப்புக் காலமாக அவர் பெயரில் ஏறுவதில்லை.