தாவளத்து உண்ணி

எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு பக்கம் வேலந்தாவளம், இன்னொரு பக்கம் வண்டித்தாவளம். தாவளம் என்றால் வழிநடையாக வருகிறவர்கள் இறங்கித் தங்கும் இடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மாடும் வண்டியும் போய்வந்த காலத்தை இந்த ஊர்ப்பெயர்கள்தான் இன்னும் வைத்திருக்கின்றன.

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) மாட்டுத் தரகர். செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சிச் சந்தையில் பிடித்த உருப்படிகளைக் கோபாலபுரம் வழியாக நடத்திக்கொண்டு வருவார். சனிக்கிழமை குழல்மந்தம் சந்தை. அங்கே விலை படியாததை அடுத்த வியாழன் வாணியங்குளத்தில் தள்ளிவிட்டுத் திரும்புவார். சின்னப் பையனாக மூன்று நான்கு தடவை கூட நடந்திருக்கிறேன். ராத்திரி தாவளத்தில் மாடுகள் அசைபோடும். அவர் அரிக்கேன் விளக்கோடு ஒவ்வொன்றாக உண்ணி பார்ப்பார்.

பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பதில்லை. காதுமடலின் உள்பக்கம், அலைதாடி, தொடையிடுக்கு, வாலடி என்று விரல் ஓடும். ஓரிடத்தில் நிற்கும். நகத்தைத் தோலோடு ஒட்டவைத்து ஒரு திருகு. கொட்டமுத்து அளவுக்கு ஊதிய உண்ணி வந்துவிடும். (உருவம் அப்படியே ஆமணக்கு விதைதான். லத்தீனில் உண்ணிக்குப் பெயர் ரிசினஸ். ஆமணக்குக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.) பிடுங்கியதைத் தரையில் போட விடமாட்டார். சீமெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சி பக்கத்திலேயே இருக்கும்.

"மிதிக்காதடா, நசுக்குனா நூறாப் பெருகும்" என்பார். சொன்ன காரணம் தப்பு, செய்த காரியம் சரி. ரத்தம் குடித்து முடித்த பெட்டை உண்ணி தானாகவே உதிர்ந்து, மண் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். குஞ்சுகள் புல் நுனியில் ஏறி அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். அப்படியானால் ஊர் ஊராக வரும் மந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக ராத்தங்கும் தாவளத்தைவிட அதற்குத் தோதான இடம் எது?

அன்றைக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் நாட்டு மாட்டுக்குப் பழக்கம். நிலைமை மாறத் தொடங்கியது எங்களுக்குத் தெற்கே, இடுக்கி மலையில். 1963இல் மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டியில் இந்தோ-சுவிஸ் திட்டம் வந்தது. பிரவுன் சுவிஸ் காளைகளின் விந்தை நாட்டுப் பசுக்களுக்குச் செலுத்தி உருவாக்கிய கலப்பினத்துக்கு சுனந்தினி என்று பெயர். எங்கள் சித்தூர்ப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு கலப்பினம் ஏறியது. பால் சொசைட்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். அந்த மாடுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன, குறை சொல்ல மனம் வராது. ஆனால் உண்ணிக் காய்ச்சலை அவற்றால் தாங்க முடியவில்லை. 1984இல் எங்கள் வீட்டுச் செவலை மூன்றே நாளில் போனது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. சாகும்போது காதுக்குள் ஏழெட்டு உண்ணி.

இதே கதை அமெரிக்காவில் எங்களுக்கு முந்தியே நடந்திருக்கிறது. டெக்சாஸ் மாடுகளை மந்தை மந்தையாக வடக்கே ஓட்டிப்போனார்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வழியெல்லாம் உள்ளூர் மாடுகள் செத்தன. அந்தக் காய்ச்சலை உண்ணிதான் கடத்துகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிரூபித்தார்கள். கொசு வயிற்றில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைப் பார்த்தது அதற்கு நாலு வருடம் பின்னால். 1906இல் தொடங்கி, மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி முக்கி, 1943இல் அந்த உண்ணியை மெக்சிகோ எல்லையோரப் பட்டைக்குள் ஒதுக்கினார்கள். குதிரைமேல் ஆட்கள் இன்றும் அங்கே ரோந்து போகிறார்கள். அந்த டெக்சாஸ் உண்ணியும் கேரளத்து மாடுகளில் இருக்கும் உண்ணியும் ஒரே இனம்: ரைபிசெபாலஸ் அன்னுலேட்டஸ்.

எங்கள் எல்லை வேறு மாதிரி. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தபோது சித்தூர் கொச்சி ராஜ்ஜியம்; 1956 நவம்பர் 1 முதல் இரண்டும் கேரளம், பொள்ளாச்சி எல்லைக்கு அந்தப் பக்கம். சோதனைச்சாவடிகளில் காகிதம் பார்த்தார்கள், எண்ணிக்கை பார்த்தார்கள். காதுமடலைத் திருப்பி யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

மருந்துகள் வந்து போயின. புகையிலைத் தண்ணீர், வேப்பெண்ணெய், அப்புறம் பிஎச்சி பவுடர். அதை வெறுங்கையால் மாட்டின்மேல் தேய்த்த தலைமுறை நாங்கள். 1997இல் தடை வந்தது. பிறகு டெல்டாமெத்ரின். அதற்கும் உண்ணி பழகிக்கொண்டது.

இப்போது உண்ணிக்கு எதிராக மரபணு அடக்கம் என்று பேசுகிறார்கள். அப்பாருவின் தொழிலை வைத்துத்தான் எனக்கு அது விளங்கியது. தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். விரல் சொல்வது கைக்கு எட்டாவிட்டால் வியாபாரம் இல்லை. மாடும் பணமும் அப்படியே நிற்கும். மரபணுவும், புரதம் செய்யச் சொல்லும் தன் சேதியை ஆர்.என்.ஏ. வழியாகத்தான் அனுப்புகிறது. அதற்கு ஒத்த இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உள்ளே செலுத்தினால் செல்லே அந்தச் சேதியை வெட்டிப்போடும். ஒரு சிறு புழுவில் 1998இல் இதைக் காட்டிய ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 2006இல் நோபல் வாங்கினார்கள். உண்ணியில் 2003இல் ஹோசே டி லா ஃபுவெந்தே குழு சுபோலெசின் என்ற மரபணுவைக் கண்டெடுத்தது. அதை அடக்கினால் உண்ணி சரியாக ரத்தம் குடிப்பதில்லை, முட்டையும் குறைந்துபோகிறது. மாட்டு உண்ணியில் தாய்க்குப் போட்ட ஊசியின் விளைவு முட்டைக்கும் குஞ்சுக்கும்கூடப் போகிறதாம்.

ஆனால் ஊசியை ஒவ்வொரு உண்ணிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். தொழுவத்துக்கு ஆகிற வேலையா அது? அதனால் இந்த வித்தை இப்போதைக்கு ஆய்வுக்கூடத்தில் தரகு வேலைதான் பார்க்கிறது: எந்த மரபணுவை அடக்கினால் உண்ணி படுக்கிறதோ, அதன் புரதத்தை மாட்டுக்குத் தடுப்பூசியாகப் போடலாமா என்று பார்க்கிறார்கள். இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த வழியில் வேலை நடக்கிறது. வேறொரு புரதத்தில் செய்த தடுப்பூசி ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் 1990களிலேயே வந்துவிட்டது. எங்கள் சொசைட்டிக்கு வந்தால் முதல் ஊசி என் மாட்டுக்குத்தான் என்று டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

மாடுகள் இப்போது லாரியில் போகின்றன. தாவளங்களில் உண்ணி உதிர்வதில்லை. நேராக வாங்குகிறவர் தொழுவத்திலேயே உதிர்கிறது. போன வாரம் மருமகன் பொள்ளாச்சியிலிருந்து ஒரு கிடேரி இறக்கினார். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. காதுமடலைத் திருப்பினேன். உள்ளே இரண்டு, வாலடியில் ஒன்று. கொட்டாங்குச்சியை எடுத்துவரச் சொன்னேன்.